ரொட்டிக்காரர் விழுந்த எடம் யாரு லிமிட்டு

போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல காலையில ஒரு பொம்பள அழுதுகினு வந்து நின்னா, என்னா ஏதுன்னு நோண்டாதீங்க. மொதல்ல ஒக்கார வெச்சி தண்ணி குடுங்க. எங்க ஸ்டேஷனுக்குப் புதுசா பெருக்க வந்திருக்கற பொண்ணுங்களுக்கு நான் சொல்ற மொத பாடம் இதான்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் பேசப் பேச போன்ல புடிச்சி எழுதறேன்னு என் பேத்தி சொன்னதுல இருந்து எனக்கு சந்தோஷம் தாங்கல. வேலைய விட்டு நின்னு வீட்டுல குந்தினு இருக்கறவள யாரு கூப்புட்டு கதை கேக்கறாங்க? "ஆயா, வாய கொஞ்சம் மூடு, கேஸ் எழுதணும்"னு எங்க ரைட்டர் சார் தெனம் சொல்லுவாரு. இப்ப யாரும் சொல்ல முடியாது பாரு.

சின்ன வயசுல நம்ம பாண்டிச்சேரி போலீசோட செவப்புத் தொப்பிய, கெப்பின்னுவோம், அதப் பாத்தாலே சந்துல பூந்து ஓடுவேன். அப்புறம் அந்தக் கெப்பிங்கள மாட்டி வெக்கற செவுத்த தொடைக்கறதே என் பொழப்பாப் போச்சி. பெருக்கறது, தண்ணி புடிச்சி வெக்கறது, டீ வாங்கியாறது, இதான் என் வேலை. பேச வந்தது கெப்பிய பத்தி இல்ல. லூர்துமேரிய பத்தி.

லூர்துமேரி வந்தது

குருசுக்குப்பத்துப் பொண்ணு. அவ புருஷன் சவரிமுத்து டவுன் பேக்கரியில நீட்டு ரொட்டி எடுத்து, மொபெட் பின்னால பெரிய பொட்டி கட்டி, கோரிமேடு வரைக்கும் கடை கடையா போடுவாரு. எங்க ஸ்டேஷனுக்கும் போட்டிருக்காரு. நல்ல மொறுமொறுன்னு இருக்கும், எனக்கு டீயில நனைச்சித் தின்னாதான் பல்லுக்கு ஆவும்.

அன்னிக்கி காலையில கோரிமேட்டு ரோட்டுல ஒரு கார்க்காரன் அவர அடிச்சிட்டான். அடிச்சவன் காரை அப்படியே உட்டுட்டு ஓடிட்டான். ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுக்குள்ள உயிரு போயிடுச்சி.

ஆஸ்பத்திரியில, போலீஸ் கேஸ் எழுதி காயிதம் குடுத்தாதான் போஸ்ட்மார்ட்டம், அது முடிஞ்சாதான் பாடின்னு சொல்லிட்டாங்க. அதான் சட்டம், அவுங்கள குத்தம் சொல்ல முடியாது. லூர்துமேரி எங்க ஸ்டேஷனுக்கு வந்தா. அங்கதான் வெனையே.

அவரு அடிபட்ட எடத்துல ரோட்டுக்கு இந்தாண்ட பாண்டிச்சேரி, அந்தாண்ட தமிழ்நாடு. எங்க எஸ்.ஐ. சார் ஸ்பாட்டுக்குப் போனாரு. பாத்தா காரும் மொபெட்டும் அந்தாண்ட புளியமரத்துக்குக் கீழ நிக்குது. ரொட்டியெல்லாம் அந்தாண்ட மதிலு மேல அடுக்கி வெச்சிருக்கு. ரோட்டுல ரத்தக் கறை கூட இல்ல. இது நம்ம லிமிட் இல்லம்மா, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கன்னுட்டாரு. அங்க போனா, அடிச்சது பாண்டி பக்கம்னு கேள்வி, அவுங்களையே எழுதச் சொல்லுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடியும் வந்தா. மறுபடியும் போனா. மூணாவது வாட்டி வந்தவ, போவல. வாசல் பெஞ்சுலயே ஒக்காந்துட்டா.

இப்பல்லாம் எந்த ஸ்டேஷன்லயும் எழுதிக்கலாமாம், லிமிட்ட அப்புறம் மாத்திக்கலாமாம். அப்படி சட்டம் இருக்குதுன்னு பேத்தி சொல்றா. அன்னிக்கி அந்தப் பேச்ச யாரும் எடுக்கல. கேக்கணும்னு அவளுக்கும் தெரியல.

தண்ணி கொண்டு போய் குடுத்தேன். வாங்கி கையிலயே வெச்சிருந்தா. ஊர்ல கல்லறையில குழி வெட்டியாச்சாம், சாமியார் வேற எப்பன்னு கேட்டு அனுப்பறாராம். நான் பக்கத்துல நின்னு வாசல பெருக்கறா மாதிரி பெருக்கிகினே இருந்தேன். பெருக்கினதையே எத்தினி வாட்டி பெருக்கறது?

"ஆயா, அவருக்குக் குளுரு ஆவாது. மார்கழியில ஃபேன் போட்டா என்கூட சண்டைக்கு வருவாரு. அங்க ஐஸ் பொட்டியில வெச்சிருக்காங்க"ன்னா.

நான் தொடப்பத்த எடுத்துகினு உள்ள போயிட்டேன்.

டீக்கடை முருகையன்

சாயங்காலம் டீ கேன எடுத்துகினு போனேன். அந்த ஸ்பாட்டுக்கு நேர் எதுக்க, நம்ம பக்கம்தான் முருகையன் டீக்கடை. நல்லா வாயாடுவான். ஸ்டேஷன் டீயில தண்ணி ஊத்துறியாடான்னு கேட்டா, உங்க ஸ்டேஷன்காரங்க ஒடம்புக்குத்தான் ஆயா ஊத்தறேன்னுவான். அன்னிக்கி வாயே தொறக்கல. கேன்ல டீய ஊத்தி வெளியெல்லாம் சிந்திட்டான்.

என்னாடா முருகையான்னேன். அப்பத்தான் கொட்டுனான். காலையில சவரிமுத்து அவன் கடைக்கு ரொட்டி போட்டுட்டு மொபெட்ட எடுத்திருக்காரு. கடை வாசல்லயே கார் வந்து அடிச்சிடுச்சி. நம்ம பக்கத்துலதான். ரோடு பூரா ரொட்டி. பின்னால ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுங்க வரிசையா நிக்குது, உள்ள பூரா நோயாளிங்க, ஹாரன் அடிக்கறாங்க. அடிபட்டவர ஆட்டோவுல ஏத்திட்டு, இவனும் கண்டக்டருங்களும் சேந்து காரையும் மொபெட்டையும் தள்ளி, எடம் இருக்கற புளியமரத்தாண்ட உட்டுட்டாங்க. ரொட்டிய மிதிக்கக் கூடாதுன்னு இவனே பொறுக்கி மதிலு மேல வெச்சிருக்கான். ரத்தத்துல ஜனங்க கால வெச்சிகினு போவுதேன்னு பக்கெட்டு பக்கெட்டா தண்ணி ஊத்தி கழுவிட்டான்.

அத்தினியும் நல்ல மனசுலதான் செஞ்சிருக்கான். போலீஸ் வந்து, வண்டிய யாரு நவுத்துனதுன்னு அதட்டுனதும் பயந்துகினு ஒரு வார்த்த பேசல.

"நான்தான்னு சொன்னா என்ன உள்ள வெச்சிடுவாங்க ஆயா. சாட்சிய அழிச்சேன்னுவாங்க"ன்னான்.

"அந்தப் பொண்ணு பெஞ்சுல ஒக்காந்திருக்கு. அது புருஷன் ஐஸுல கெடக்கறாரு. நீ வாயத் தொறக்கலன்னா நாளைக்கும் அங்கதான் கெடப்பாரு"ன்னேன்.

அவன் அடுப்ப அணைச்சான். டீ கேன என் கையில இருந்து வாங்கிகினு முன்னால நடந்தான். வழியில ரெண்டு வாட்டி நின்னான். நானும் நின்னேன்.

எஸ்.ஐ. சார் முன்னால அப்படியே ஒப்பிச்சிட்டான்.

"அறிவு இருக்காய்யா உனக்கு? ஸ்பாட்டையே கழுவி உட்டுட்டு, இப்ப வந்து கதை சொல்ற."

"ரத்தம் சார். மிதிச்சிகினு போறாங்க சார்."

எஸ்.ஐ. சார் ரைட்டர் சாரக் கூப்புட்டு, எழுதுன்னாரு. முருகையன் வெளிய வந்து லூர்துமேரியப் பாத்துட்டு, கேனத் தொறந்து ஒரு கிளாஸ் டீ ஊத்தி பெஞ்சு மேல வெச்சான். அவ குடிக்கல. ஆடை கட்டிப் போச்சி, நான்தான் கழுவி ஊத்துனேன்.

எஃப்.ஐ.ஆர் காப்பி கையில வந்ததும் லூர்துமேரி என்னை நிக்க வெச்சி படிச்சிக் காட்டுனா. அவ பள்ளிக்கூடம் போனவ. "முருகையன் டீக்கடை எதிரில்"னு வந்த எடத்துல நிறுத்தி, அதையே திருப்பிப் படிச்சா. மறுநாள் பாடி குடுத்துட்டாங்க. மண்ணுல போட்டாங்க. நானும் போய் ஒரு புடி மண்ணு போட்டுட்டு வந்தேன்.

கோர்ட்டு

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கார் நம்பர வெச்சி ஆளப் புடிச்சாங்க, ஆனா கேஸு இழுத்துச்சி. முருகையன்தான் ஒரே சாட்சி. கண்டக்டருங்க எந்த ஊருன்னே தெரியல. வாய்தாவுக்கு வாய்தா கடைய மூடிட்டு போவான். கார்க்காரனோட வக்கீலு இவன நிக்க வெச்சி கேட்டதெல்லாம் என்கிட்ட வந்து சொல்லுவான். நீ நவுத்துன, நீ கழுவுன, அப்ப நீ சொல்ற எடத்துக்கு வேற என்னா சாட்சி? அந்தப் பொம்பள உனக்கு என்னா வேணும்? இதையெல்லாம் லூர்துமேரிய அங்கயே வெச்சிகினு கேட்டிருக்காங்க.

கார்க்காரன உட்டுட்டாங்க. எடமே சந்தேகமா இருக்குதுன்னு தீர்ப்பாயிடுச்சி.

அன்னிக்கி லூர்துமேரி நேரா டீக்கடைக்கு வந்தா. நான் அங்கதான் இருந்தேன். "அண்ணே, நீங்க வந்து சொன்னதாலதான் அவர நான் மண்ணுல போட்டேன்"னா. அவன் அடுப்பப் பாத்துகினே நின்னான். அவ போற வரைக்கும் நிமுரல.

போன மாசம்

இப்ப நான் வேலையில இல்ல. ஆனா டீ குடிக்க அங்கதான் போவேன், பழக்கம் உடுமா. போன மாசம் அவன் கடை எதுக்க காலேஜ் பொண்ணு ஒண்ணு ஸ்கூட்டியோட உழுந்துச்சி. பின்னால வந்த வேன் இடிச்சிடுச்சி. முருகையன் ஓடிப் போய் பொண்ணத் தூக்கி ஆட்டோவுல ஏத்துனான். அதுல கொறை வெக்கல. அப்புறம் ரோட்டு நடுவுல போய் கைய விரிச்சிகினு நின்னுட்டான். ஸ்கூட்டிய யாரும் தொடக் கூடாதுன்னுட்டான். பின்னால ஆஸ்பத்திரி பஸ்ஸுங்க நிக்குது. ஜனங்க திட்டுறாங்க. ஒரு வயசானவர அவரு மவன் எறக்கி, முதுவுல தூக்கிகினு வெயில்ல ஆஸ்பத்திரிக்கு நடக்கறான். முருகையன் அவுங்கள பாத்துட்டுதான் நின்னான். போலீசு வர வரைக்கும் நவுரல.

நான் சொல்லிக் குடுக்கறதெல்லாம் இதான் கண்ணுங்களா. ஆளத் தூக்குங்க. வண்டிய போட்டோ புடிச்சிட்டு அப்புறம் நவுத்துங்க. எந்த ஸ்டேஷன்லயும் லிமிட் இல்லன்னு திருப்பி அனுப்புனா, எழுதிக்கினு மாத்துங்கன்னு கேளுங்க. இதையே அன்னிக்கி அவன்கிட்டயும் சொன்னேன். போன்தான் வெச்சிருக்கியே, ஒரு போட்டோ புடிச்சிட்டு ஓரமா தள்ள வேண்டிதானடா, அந்தக் கெழவரு நடந்தாரேன்னேன்.

"போட்டோ புடிச்சா, யாரு புடிச்சதுன்னு என் பேரத்தான் ஆயா எழுதுவாங்க, மறுபடியும் கூண்டுல ஏத்துவாங்க"ன்னான்.

அதுக்குப் பதிலு உங்களுக்குத் தெரிஞ்சா அவன் கடையில போய் சொல்லுங்க.