தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

யுத்த காலம். மயிலாப்பூரில் அக்கா வீட்டு ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பத்திரிகையில் எனக்கு இரவு நேரப் பிழை திருத்தும் வேலை. பகலில் அந்த வீட்டில்தான் படுத்திருப்பேன். அதனால் நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

அக்காவுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தவறிவிட்டன. மூன்றாவது பெண். ஐப்பசி மழையில் பிறந்தது. பிறந்ததும் மாமியார் அதை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தினார். பக்கத்துக் குடித்தனக்காரி எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் தவிடு கொடுத்துக் குழந்தையைத் திரும்ப வாங்கினார்கள். வேண்டாத பிள்ளையை, வாங்கிய பிள்ளையைச் சாவு தேடி வராது என்று நம்பிக்கை. மற்ற வீடுகளில் இதைச் செய்த கையோடு மறந்துவிட்டுக் கொஞ்சுவார்கள். அக்கா மறக்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பால் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அழுவறதே இல்ல நர்ஸம்மா. அவ்ளோ சமத்து," என்றார் மாமியார், பெருமையாக.

பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்க்கச் சாந்தோமிலிருந்து நடந்து வரும் நர்ஸம்மாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வழக்கமாக வந்ததும் குழந்தையைத் துணியில் கட்டித் தராசில் நிறுப்பார். அன்று தராசைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "பால் குடும்மா, பாக்கறேன்," என்று எதிரே தரையில் உட்கார்ந்தார். தாயின் கண் எங்கே போகிறது, குழந்தையின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தார். பால் குடித்து முடிந்ததும் குழந்தையை மடியில் வாங்கி, முகத்துக்கு நேரே குனிந்து நாக்கைச் சொடுக்கினார். அது மெல்லத் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது. அந்தப் பக்கம் குனிந்து சொடுக்கினார். மறுபடி திருப்பிக்கொண்டது.

"இது சமத்து இல்ல. கூப்ட்டு கூப்ட்டுப் பாத்துட்டு விட்டுடுச்சு. இப்டியே போனா பாலையும் விட்டுடும்."

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "என் கண்ணு ஆவாது நர்ஸம்மா. ரெண்ட ஆசையா பாத்துப் பாத்துதான் வாரிக் குடுத்தேன். இது என்னுது இல்ல. வாங்கினது."

நர்ஸம்மா கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

"சரி, உன்னுது இல்ல. நீ புள்ள பாத்துக்கற ஆயா. ஆயா இன்னா, சுவத்தப் பாத்துக்கினா பால் குடுப்பா?"

"அதான?" என்றாள் பக்கத்துக் குடித்தனக்காரி, வாசலில் நின்றபடி. "தவுடு குடுத்து வாங்கிக்கீற. சரக்கு நல்லாக்கீதான்னு பாருக்கா! அப்பால என்னாண்ட சண்டைக்கு வராத."

அக்காவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நர்ஸம்மா பாயை இழுத்து வாசல் வெளிச்சத்தில் போட்டார். "அதுக்கு உன் மூஞ்சி தெரியணும். பேசு. அது வாய அசைச்சா நீ நிறுத்து. அதும் பேசட்டும்."

வாரந்தோறும் வந்தார். வந்து, எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். தை மாதத்தில் குழந்தை வீறிட்டு அழக் கற்றுக்கொண்டது. என் பகல் தூக்கம் போயிற்று. "இன்னாடி, ஆயாவயே மெரட்றியா?" என்று அக்கா கேட்பது அடுத்த அறையில் கேட்கும். யார் தூக்கினாலும் குழந்தை அந்தக் குரல் வரும் பக்கம் திரும்பியது. அக்காவுக்குப் பாலும் நன்றாக ஊறியது.

சித்திரையில் வயிற்றுப்போக்கு கண்டது. அந்த வாரம் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

விஷயம் தெரியாமல் நர்ஸம்மா வழக்கம்போல் வந்தார். மாமியார் வாசலை மறித்துக்கொண்டார்.

"பாரு பாருன்னியே, பாத்தா. போயிடுச்சு. இன்னும் இன்னாத்துக்கு வந்துக்கினு கீற?"

நர்ஸம்மா பையைக் கீழே வைத்தார். போகவில்லை.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அத்தை, அவங்கள வுடுங்க. பால் கட்டிக்கினு மாரெல்லாம் கல்லாட்டம் கீது."

மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். நர்ஸம்மா என்னை அனுப்பினார். குளத்தோரப் பூக்காரி என்னைப் பார்த்ததும், "வா நைனா, புது மாப்ளையா? எத்தினி மொழம்?" என்றாள்.

"கட்டினது வேண்டாம். உதிரி. வீட்டில் பால் கட்டியிருக்கிறது," என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் அள்ளி இலையில் போட்டாள்.

நான் திரும்பியபோது பாய் பழையபடி அறைக்குள் கிடந்தது. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மா சுவருக்கும் அவளுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவை வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார்.