பிடிகொழுக்கட்டையும் ஒரு நட்டும்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் கடையில் பிடிகொழுக்கட்டையை வாயில் போடப் போன நொடியில்தான் அந்த யோசனை வந்தது. மாவைப் பிடித்தவரின் விரல் தடங்கள் நான்கும் வெந்த பிறகும் அப்படியே இருந்தன. அப்படியென்றால் நட்டுக்குள் மரையை, அந்தச் சுருள் வரியை, வெட்டவே வேண்டாமே, இளகிய ஏதாவது ஒன்றைத் திருகின்மேல் வைத்துப் பிடித்தால் போதுமே! மீதியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

உட்லண்ட்ஸில் நானும் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த தோழியும் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை எடுத்திருக்கிறோம். அவள் துணியில் அச்சிடுகிறவள். தினமும் மலேசியப் பக்கம் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வருவாள். என் பங்காக அங்கே நிற்பது ஒரு பழைய லேத். இரும்பைச் சுழலவிட்டு உளியால் கடையும் இயந்திரம். வயதில் என்னைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்; அவள் அதைத் தாத்தா என்பாள். மோட்டார் ஜோராக ஓடியது. ஆனால் உளியை நகர்த்தும் கைப்பிடியை அரைச்சுற்று சுற்றினாலும் உளி அசையாது. உள்ளே திருகைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டில் மரை தேய்ந்து காகிதமாகிவிட்டது. அந்த மாடலுக்கு நட்டு எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு மாதமாக லேத்தின்மேல் அவளுடைய துணிகள்தான் காய்ந்துகொண்டிருந்தன.

அவளுடைய புதிய அச்சு மேசை பிரிக்காத அட்டைப்பெட்டியில் சுவரோரம் காத்திருந்தது. பழைய இரும்பு எடுக்கும் காராங்குனி ஆளை அவள் வரச் சொல்லிவிட்டாள்.

“சனிக்கிழம வருவாரு. அதுக்குள்ள உன் தாத்தா எழுந்து நடந்தா இருக்கட்டும்டி. இல்லன்னா என் டேபிள் அங்கதான் லா.”

நான் கொழுக்கட்டையோடு போய் நின்றது வியாழக்கிழமை. திருகைக் கழற்றி, சூடான காற்றடித்துக் காய்ச்சி, சூட்டில் இளகும் கெட்டியான இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். நாற்றம் தாங்காமல் அவள் சன்னலைத் திறந்தாள். ஆறியதும் பிரித்துப் பார்த்தால், உள்ளே வரிவரியாக மரை. பூட்டிச் சுற்றினேன். துளி ஆட்டம் இல்லை. நான் குதிக்க ஆரம்பித்திருந்தேன். அவள் சும்மா இருக்காமல் கைப்பிடியைக் கடைசிவரை சுற்றினாள். நடுப்பகுதியைத் தாண்டியதும் இறுகி நின்றுவிட்டது.

“தாத்தாவுக்கு மூட்டுவலி,” என்று சொல்லிவிட்டு மிச்சக் கொழுக்கட்டையை அவளே தின்றாள்.

ரயிலில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. தேய்ந்தது நட்டு மட்டுமல்ல. இத்தனை வருடமும் எல்லாரும் திருகின் நடுப்பகுதியில்தான் வேலை செய்திருக்கிறார்கள். மரை அங்கே மெலிந்துவிட்டது. நானும் வசதியாக இருக்கிறதென்று நடுவிலேயே அச்செடுத்திருந்தேன். இடுப்பை அளந்து தைத்த சட்டை தோளில் நுழையுமா?

வெள்ளிக்கிழமை, யார் கையும் அதிகம் போகாத கோடியில் மரை புதிதாக இருந்த இடமாகப் பார்த்து மறுபடி பிடித்தேன். இந்த நட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு ஓடியது. நடுவில் மட்டும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது; முன்பு அரைச்சுற்று, இப்போது நகக்கண் அளவு.

சனிக்கிழமை காலை அவள் பெட்டியைப் பிரித்து மேசையைப் பூட்டினாள். பெட்டியில் ஒரு காலுக்கு அடிக்குமிழ் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் லேத்தைப் பார்த்தேன். ஒரு அலுமினியத் துண்டைப் பூட்டி, மற்ற மூன்றின் அளவுக்கே கடைந்து கொடுத்தேன். மேசை ஆடாமல் நின்றது, பட்டறையின் நட்டநடுவில். இனி நாங்கள் இருவரும் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

காராங்குனி ஆள் வந்து லேத்தைத் தட்டிப் பார்த்தார். அது வேலையில் இருக்கிறது என்று மலாயில் சொல்லி, ஓடாத மின்விசிறியை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள் அவள்.

நடுவில் மிச்சமிருக்கும் அந்த ஆட்டம்தான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதற்குத் திருகையே மாற்ற வேண்டும். அதையும் கடையில் தேடப்போவதில்லை. எஃகுத் தண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அதை இந்த லேத்திலேயே பூட்டி, லேத்துக்கான புதுத் திருகை லேத்தையே கடையவைத்துப் பார்க்கப் போகிறேன். அதுவரை பிளாஸ்டிக் நட்டு தாங்க வேண்டும்.