சாமியார் ரோசா பட்டுப்போன வருஷம்

மரிய ஆனந்துக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவார். பூசையில் பிரசங்கம் முடிவதற்குள் நாலு தடவை திரும்பி, வெளியே மாதா சொரூபம் இருக்கும் கெபியைப் பார்ப்பார். பிறவிக் குணம் இல்லை இது. போன வருஷம் ஜூனில் ஒட்டிக்கொண்டது.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே அவருடைய ஊர். அங்கே மாதா கெபிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரோசாச் செடி. பேரே சாமியார் ரோசா. உள்ளங்கைக்குள் அடங்கும் பூதான், பத்தடி தள்ளி நின்றாலும் மணக்கும். பஞ்ச காலத்தில் வந்த பிரெஞ்சுச் சாமியார் அதன் குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார் என்பது கோயில் பக்கத்துக் கதை. அதெல்லாம் இல்லை, காய்ச்சலில் கிடந்த சாமியாருக்கு எங்கள் முப்பாட்டன் கஞ்சி கொடுத்தார், குடித்துவிட்டுச் சாமியார் கைகழுவிய இடத்தில் தானாக முளைத்தது என்பது பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்யும் தீர்த்தம்மாள் வீட்டுக் கதை. இரண்டு தரப்பும் ஒத்துப்போவது ஒன்றில்தான். இந்தச் செடி உலகத்திலேயே ஒன்றுதான், வேறு மண்ணில் பிழைக்காது. நட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கதை கைவசம் இருக்கும்போது மண்வெட்டியை எவன் தூக்குவான்?

செடியைப் பார்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக ஆனந்தின் குடும்பம். செப்டம்பரில் திருநாள் கொடி ஏறும்போது மாதாவுக்கு முதல் பூ இதிலிருந்துதான் போகும். அந்த ஜூனில் குருத்தெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. வரப்புக்குக் களைமருந்து அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல், அதிலேயே பூச்சிமருந்தைக் கலந்து அடித்துவிட்டார் ஆனந்த். நாலாம் நாள் குருத்து முறுக்கிக்கொண்டது. மூன்று வாரத்தில் செடி விறகாகிவிட்டது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் செய்கிற காரியமா இது! கேட்டவர்களிடம் “வேர்ப்புழுங்க” என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். அவமானம் தாங்கவில்லை, மனைவி சில்வியாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவருக்குப் பிழைப்பு ஒரு ரோசாக் கம்பெனியில். பாலித்தீன் கூரைக்கடியில் வரிசை வரிசையாக ஒட்டுச் செடிகள். அடியில் ஏதோ நாட்டு ரோசாவின் வேர், மேலே வெளிநாட்டு ரோசா. ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டால் மேலே இருப்பதன் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அந்தத் துளிரைக் கிள்ளி எறிவதுதான் ஆனந்தின் வேலை. பதினோரு வருஷமாகக் கிள்ளுகிறார், ஒன்றையும் பூக்க விட்டதில்லை.

செடி பட்டதும் ஒரு மாதத்துக்கு மேல் லீவு போட்டார். ஓசூர், பென்னாகரம், பொம்மிடி, ஏறி இறங்காத நர்சரி இல்லை. அந்தப் பூவும் இல்லை. வெறுங்கையோடு வேலைக்குத் திரும்பிய அன்று, தண்ணீர்த் தொட்டி மூலையில் ஒரு செடியைப் பார்த்தார். மேலே ஒட்டு காய்ந்திருந்தது. ஆள் இல்லாத நாளில் கீழ்த்துளிர் இடுப்புயரம் வளர்ந்து ஒரு பூ பூத்திருந்தது. அதே பூ, அதே மணம். பதினோரு வருஷமாகக் குப்பையில் வீசியது எதை என்று புரிந்ததும், ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நாலு குச்சியை வெட்டி, ஈரத்துண்டில் சுற்றி, பட்ட கட்டையை ஒட்டி நட்டார். இரண்டு பிடித்தது. கட்டையே துளிர்த்துவிட்டது, மாதா செய்த புதுமை, அற்புதம் என்று ஊரில் பேச்சு. ஆனந்த் மறுக்கவில்லை. செடி தேறட்டும் என்று மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எதிர்வீட்டுக்காரனை ஏசியது வரைக்கும் சொன்னார், இதை மட்டும் விழுங்கிவிட்டார். இந்த வருஷத் திருநாள் நோட்டீசில் ‘பட்ட செடி துளிர்த்த புதுமை’ என்று கோயில் சாமியார் அச்சடித்தே விட்டார். அதற்கப்புறம் மனுஷன் உட்காரவே இல்லை.

கொடியேற்றத்தன்று காலையில் முதல் பூ விரிந்திருந்தது. பார்க்க வந்த தீர்த்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டதைக் கண்டதும் ஆனந்துக்குத் தாங்கவில்லை.

“கும்புடாதீங்கக்கா. இது புதுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. களமருந்து டேங்குல அடிச்சு நான்தான் கொன்னுட்டேன். இது கம்பெனிக் குச்சிங்க. தெனமும் நாங்க கிள்ளிப் போடறது.”

தீர்த்தம்மாள் குனிந்து பூவை மோந்து பார்த்தாள்.

“நாப்பது வருசமா காடு வெச்சிருக்கறேன், குருத்து முறுக்குனா களமருந்துன்னும், தொளிர் வந்தது கட்டையில இல்ல, நட்ட குச்சியிலன்னும் எனக்குத் தெரியாதா? எங்க வூட்ல தெரியும். உங்க தெருவுல எல்லாத்துக்கும் தெரியும். சில்வியாவுக்கும் தெரியும்.”

“அப்பறம் ஏங்க ஒருத்தரும் கேக்கல?”

“நீ வேர்ப்புழுன்ன. செரி, புதுமைன்னு பேசி, கும்புட்டாலாவது வாயத் தொறக்கறானான்னு பாப்பம்னு இருந்தோம்.”

ஊருக்கே தெரிந்த ரகசியத்தை ஒரு வருஷமாகத் தனியாகச் சுமந்திருந்தார் ஆனந்த்.

“மசமசன்னு நிக்காத. உங்க கோயில் சாமியாருதான் வெளியூர்க்காரரு, அவருக்குத்தான் தெரியாது. பிரசங்கத்துல புதுமைன்னு சொல்லிரப்போறாரு. போயி மொதல்ல அவருகிட்டச் சொல்லு.”

பூவைக்கூடப் பறிக்காமல் கோயிலைப் பார்த்து ஓடினார் ஆனந்த். முதுகுக்குப் பின்னால் தீர்த்தம்மாள் குரல் கொடுத்தாள்.

“ஏப்பா ஆனந்து, நாளைக்குக் கம்பெனியிலருந்து வரப்ப எங்க காட்டுக்கும் ரெண்டு குச்சி கொண்டா!”