மோனிகாவின் அட்டைகள்

மோனிகாவைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை, மூன்று வருஷத்துப் பொறாமை. ஆகவே நான் அவளைப் புகழ்கிற இடங்களை அப்படியே நம்பலாம். குறை சொல்கிற இடங்களில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டிராக்டருக்கு டீசல் டேங்க் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க். மோனிகா அங்கே பெயின்ட் ஷாப்பில் ஸ்பிரே அடிப்பவள். என்னைவிட மூன்று வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரே ஊர்தான் எங்கள் இருவருக்கும். நான் ஊர், அவள் காலனி. எங்கள் வீட்டில் நாலு ஏக்கர் நெல் வைக்கிறோம். அவள் அம்மா ஆரோக்கியமேரி எங்கள் கழனியில் நாற்று நட்டவர். அப்பா சாம்சன் இப்போது காட்டுப்பள்ளிக்குப் போய்க் கப்பலுக்கு பெயின்ட் அடிக்கிறார். நான் பொன்னேரியில் தமிழ் இலக்கியம் படித்தேன், அவள் ஐ.டி.ஐ. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் என் பொறாமையின் பாதி வேரை மறைத்ததாகிவிடும். எங்கள் வரப்பில் சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற குழந்தை என்னைவிட ஒரு படி மேலே போகலாமா என்று எனக்குள் யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த யாரோ நான்தான்.

மோனிகா ஆள் ஒல்லி. முகத்தில் ஸ்பிரே அடிக்கும்போது போடுகிற கண்ணாடி அழுத்திய தடம் எப்போதும் இருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் ஒரு பொட்டுக் கலர் மிச்சமிருக்கும். அதைப் பார்த்தே அன்றைக்கு எந்தக் கம்பெனி டேங்க் ஓடியது என்று சொல்லிவிடலாம். சத்தமாகச் சிரிக்க மாட்டாள். எங்கள் இருவரோடு பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற மூன்றாவது ஆள் நந்தினி, தரம் பார்க்கிற பிரிவில் இருப்பவள். வேலையில் மட்டுமல்ல, பேச்சிலும் அவள் அதையே செய்தாள். நானும் மோனிகாவும் பேசுவோம், எது நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்வாள்.

எங்களை ஒன்றாக உட்கார வைத்தது பழைய நாவல்கள். ஊத்துக்கோட்டை பஜாரில் பரசுராமன் என்பவர் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். கிலோ கணக்கில் வருகிற புத்தகங்களில் நாங்கள் பொறுக்கிக்கொள்வோம். மாத நாவல், தொடர்கதை பைண்டிங், அட்டை இல்லாதது, எலி கடித்தது, எதுவும் விடுவதில்லை. பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு நாவல் முடிந்துவிடும். அவற்றில் பாதிக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. அப்படி வந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூன்று பேரும் படித்த பிறகு ஆளுக்கொரு முடிவு சொல்ல வேண்டும்.

தமிழ் இலக்கியம் படித்தவள் என்ற முறையில் நான்தான் முதலில் சொல்வேன். ஒரு நாவலில் கதாநாயகி கணவனை விட்டுவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறாள். அதோடு பக்கம் தீர்ந்தது. கணவன் ஓடி வருகிறான், பிளாட்பாரத்தில் மன்னிப்புக் கேட்கிறான், அவள் தன் பெண்மையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு மன்னிக்கிறாள் என்று நான் முடித்தேன். மோனிகா சன்னலைப் பார்த்தபடி யோசித்தாள்.

"டிக்கெட் குடுக்கறவன் எந்த ஊருன்னு கேப்பான். அவளுக்கு ஊர் பேரே வராது. பின்னாடி நிக்கற பொம்பள எந்த ஊர் கேக்குதுன்னு பாத்துட்டு, அதே ஊர் இவளும் கேப்பா. அவ்ளோதான்க்கா."

இதுதான் முடிவு என்றாள் நந்தினி. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்த எரிச்சலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, அதே நாவலை முழுசாகக் கண்டுபிடித்து வாங்கினேன். என் முடிவுதான் அச்சாகியிருந்தது. கணவன், பிளாட்பாரம், மன்னிப்பு, எல்லாம் அப்படியே. திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்தைப் பிரித்து நந்தினியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப புக்குல தப்பா போட்டுட்டாங்க இளா" என்றாள்.

நாவலாவது போகட்டும் என்றால், அட்டைகள் வந்தன. பெயின்ட் ஷாப்பில் கலர் மாற்றும்போது ஸ்பிரே கன்னைக் கழுவிவிட்டு, புதுக் கலர் சீராக வருகிறதா என்று ஒரு பழைய அட்டையில் அடித்துப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. சிவப்புக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் நீலம். எல்லோரும் கண்ட இடத்தில் அடிப்பார்கள். மோனிகா மட்டும் எங்கே அடிக்கலாம் என்று ஒரு நொடி பார்த்துவிட்டு அடிப்பாள். ஓர் அட்டை நிறைய அவளுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். நிறைந்ததும் காலி டிரம்களுக்குப் பின்னால் பாலித்தீன் சுற்றி வைத்துவிடுவாள். சூப்பர்வைசர் தணிகைவேல் கண்டும் காணாமல் இருந்தார். மூன்று வருஷத்தில் பன்னிரண்டு அட்டை சேர்ந்திருந்தது.

நந்தினி அவற்றைப் பார்த்துவிட்டு, இது மாடர்ன் ஓவியம் என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பார்க்கத் தெரியாத நானும் அப்படித்தான் பேசினேன். இதில் எது மேல், எது கீழ் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பாத்தா தெரியும்க்கா என்றாள் மோனிகா. கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் எனக்கு ஆகவில்லை.

ஒருநாள் பைபாஸில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. நந்தினிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், விரக்தியில் இருந்தாள். எதுக்குத்தான் வாழறோம், சொல்லுங்கடி என்றாள். நான் விடவில்லை. பிறர்க்குப் பயன்படுவது, பெயர் நிலைக்கும்படி ஒன்றைச் செய்வது என்று பத்து நிமிஷம் பேசினேன். நான் பேசியதில் ஒரு வரி எனக்கே இப்போது நினைவில்லை. மோனிகா சொன்னது நினைவிருக்கிறது.

"காலைல முழிச்சா, இன்னிக்கு இன்னா கலர் ஓடும்னு ஒரு நெனப்பு வர்துக்கா. அது வர்ற வரிக்கும் எழுந்துக்கலாம்."

பஸ்ஸில் பின் சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காலையில் முழித்தால் ஸ்டாக் லிஸ்ட்தான் நினைப்பு வருகிறது.

இந்த லட்சணத்தில் நந்தினி அந்த அட்டைகளைப் படமெடுத்து, அவளுடைய சித்தி மகனுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிற வீரராகவன் என்கிற வாத்தியாருக்கு அனுப்பிவிட்டாள். அவர் மறுநாளே போன் செய்தார். சென்னையில் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம், பன்னிரண்டு அட்டையும் சனிக்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும் என்றார். கேட்டது புதன்கிழமை. கம்பெனியிலிருந்து ஒரு துண்டு அட்டை வெளியே போவதென்றாலும் கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸ் எழுதுகிறவள் நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தப் பூசாரி நானாகிப் போனேன்.

மோனிகா ஸ்டோருக்கு வந்து கேட்டாள். ரூல் பார்க்கணும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் வா என்றேன். பார்க்க ஒரு ரூலும் இல்லை. போன மாதம் கேன்டீன் பாக்கியராஜ் கோழிக் கூண்டுக்கு வேண்டும் என்று இதே மாதிரி அட்டை கேட்டபோது, சொந்த உபயோகம் என்று எழுதி இதே கையால் பாஸ் போட்டுக் கொடுத்தவள்தான் நான்.

வெள்ளிக்கிழமை காலையில் அபாயக் கழிவு ஏற்றுகிற லாரி வரும் என்பது எனக்குத் தெரியும். பெயின்ட் துடைத்த துணி, பெயின்ட் சகதி, பெயின்ட் படிந்த அட்டை, எல்லாவற்றுக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டி ஏற்ற வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சீட்டு ஒட்டுவதும் என் வேலை. டிரம்களுக்குப் பின்னால் போய்ப் பாலித்தீனைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக ஒட்டினேன். நான் செய்தது சட்டப்படி சரி, அதுதான் இதில் இருக்கிற அசிங்கம்.

பன்னிரண்டாவது அட்டைக்கு வந்தபோது மட்டும் நின்றுவிட்டேன். சாம்பல் நீலம், நடுவில் பச்சைப் பொட்டுகள், ஓர் ஓரமாக மண் நிறத்தில் ஒரு கோடு. அதில் ஒன்றும் இல்லை, ஆனால் பார்வையை எடுக்க முடியவில்லை. லாரிக்காரர் கூப்பிட்டார். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஸ்டோரில் கையுறை அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். அவளுக்காக எடுத்து வைத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். அது எனக்கு வேண்டியிருந்தது.

சாயந்திரம் மோனிகா அட்டைகளைச் சுற்றி எடுத்துப்போகப் பழைய சேலை ஒன்றை மடித்துக்கொண்டு வந்தாள். லாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டது, ரூல் அப்படி, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றேன். அவள் அந்தச் சேலையை இன்னும் சின்னதாக மடித்தாள்.

"அம்மா வேற ஞாயித்துக்கெழமைக்கு லீவு சொல்லிட்டு, கட்டிக்கினு வர பொடவ எடுத்து வெச்சிகினு கீது. சரி வுடுக்கா, நான் சொல்லிக்கிறேன்."

அவள் திட்டியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். நாலு பேர் முன்னால் அழுதிருந்தாலும் போதும், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு நல்லவளாகியிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. நந்தினி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மோனிகா திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியதும் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து என் மடியில் வைத்தாள். கடைசி நாலு பக்கம் இல்லை, இந்தத் தடவையும் நீயே மொதல்ல சொல்லு என்றாள். அன்றைக்கே பெயின்ட் ஷாப்பில் புதிதாக ஓர் அட்டை வைத்துவிட்டதாகத் தணிகைவேல் சொன்னார். மூன்று வருஷத்தைக் கையிலிருந்து பிடுங்கிய பிறகும் அவளிடம் ஏதோ மிச்சமிருந்தது. எனக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

நானோ தினமும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஸ்டோர் கதவைச் சாத்திவிட்டு, அந்த அட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே பார்த்தேன். இருபது நாள் அப்படிப் போயிற்று.

ஒருநாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடை மேடைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அட்டையை உள்ளே சொருக மறந்து ஓடினேன். திரும்பி வந்தபோது மோனிகா உள்ளே நின்றிருந்தாள். கையுறை வாங்க வந்தவள், அட்டைக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரூல், லாரி, மறந்துவிட்டேன், எந்தப் பொய்யும் நேரத்துக்கு வரவில்லை.

"தலகீழா வெச்சிகினு கீறக்கா" என்றாள்.

அட்டையை இரண்டு கையாலும் தூக்கி, திருப்பி, மறுபடி சுவரில் சாய்த்தாள். ஒரு ஜோடி கையுறை எடுத்துக்கொண்டாள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். போய்விட்டாள்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். மண் நிறக் கோடு இப்போது மேலே இருந்தது, அதற்குக் கீழே முழுக்கத் தண்ணீர். தண்ணீரில் பாதி நட்டும் பாதி நடாமலும் பச்சை. அது எங்கள் கழனி. பிறந்ததிலிருந்து அதை நான் வீட்டுப் பக்கத்து வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். இது தண்ணீருக்குள் குனிந்து நிற்கிற ஆள் நிமிர்ந்தால் தெரிகிற கழனி. நானாகத்தான் அப்படிப் பார்க்கிறேனோ என்னவோ, அவளைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கேட் பாஸ் புத்தகத்தை எடுத்தேன். பெயர்: மோனிகா. பொருள் என்ற இடத்தில் பெயின்ட் படிந்த அட்டை என்று எழுதப் போய், அடித்துவிட்டு, ஓவியம் ஒன்று என்று எழுதினேன். கேட்டில் வாட்ச்மேன் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு விட்டார். பஸ்ஸில் அவள் அதை மடியில் நேராக வைத்துக்கொண்டு வந்தாள். நந்தினி எட்டிப் பார்த்து என்னென்னவோ கேட்டாள், மோனிகா பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஊத்துக்கோட்டை வரைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மீதிப் பதினொன்றுக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டிய நாளில் நான் அவற்றை எந்தப் பக்கம் மேலாகப் பிடித்திருந்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.