போர்க்கல்லுக்குப் போட்ட மாலை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பாத எங்கள் ஊர்க்காரர்களின் பெயர் வெட்டிய கல், ரோடு அகலப்படுத்தியபோது காணாமல் போனது. தா.பழூர் போகும் வழியில் ஒரு வாய்க்கால் கரையில் கிடைத்தது. பஸ் ஸ்டாப் பக்கம் சுவர் எழுப்பி, அதில் பதித்து இன்று திறந்தார்கள்.

அம்மாவின் தாத்தா பெயரும் அதில் உண்டு. அம்மா மாலையோடு வந்திருந்தார்.

திரையை விலக்கினார்கள். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், கான்ட்ராக்டர் என்று வரிசையாகப் பெயர்கள். போரில் செத்த ஒருவர் பெயர்கூட இல்லை.

"பழைய எழுத்து எங்கங்க?" என்று கான்ட்ராக்டரைக் கேட்டேன்.

"பின்பக்கம் பத்திரமா இருக்கு சார். செவுத்தோட வச்சுப் பூசியாச்சு. இந்தப் பக்கந்தான் காலியா இருந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா நேராகப் போய் மாலையைக் கல்லுக்குச் சாத்தி, கையெடுத்துக் கும்பிட்டார்.

கான்ட்ராக்டர் பதறிவிட்டார். "ஐயையோ, என்னம்மா இது! உசுரோட இருக்கறவன் பேருக்கு மாலை போடுறீங்களே!"

"அப்ப கல்லைத் திருப்பி வைங்க. மாலையை நானே எடுத்துடுறேன்" என்றார் அம்மா.

மாலை இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. நீங்களாக இருந்தால் எடுப்பீர்களா?