காலி இடத்தில் போட்ட நாலு வரி

பாடகி என்று சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். ஊரில் ஓடுகிற பாட்டுகளில் நூற்றுக்கு மேல் முதலில் பாடியது அவள்தான். ஒன்றிலாவது அவள் குரல் இருக்குமா என்றால், ஊஹூம். ட்ராக் பாடுவது அவள் தொழில். வார்த்தை இன்னும் எழுதாத மெட்டை ‘தன்னன்னானே’ போட்டுப் பாடிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள். பெரிய குரல் வந்து பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் ‘தன்னானே அக்கா’.

எத்தனை நாள்தான் வெறும் தன்னானே பாடுவது? வாய் சும்மா இருக்காது. வீட்டில் தீர்ந்துபோன சாமானையெல்லாம் மெட்டில் ஏற்றிவிடுவாள். ஃபியூஸ் போன பல்பை அவள் உருகி உருகிப் பாடியதில் வயலின்காரர் ஒருவர் கண்கலங்கியிருக்கிறார், சத்தியமாக.

அந்த மாசம் ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர் போட்ட பாட்டைக் கண்ணாடித் தம்பி சுட்டுவிட்டானாம். மாஸ்டர் பேர்பெற்ற இசையமைப்பாளர். கண்ணாடித் தம்பி, மூக்குக்கண்ணாடி போட்ட புதுப் பையன், இசையமைத்ததில் அதுதான் முதல் பாட்டு. யாரோ இரண்டையும் ஒட்டவைத்து வீடியோ போட, மாஸ்டரும் டி.வி.யில், “என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் வேற சட்டை மாட்டி விட்டிருக்கான்!” என்று பொரிந்து தள்ளினார். தம்பிக்கு வரவிருந்த இரண்டு வேலையும் கைநழுவிப் போயின.

அவள் கணவனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் போனை நீட்டினாள். “அண்ணி, இதைக் கேளுங்களேன். அப்படியே காப்பி!”

கேட்டாள். பல்லவி வேறு, தாளம் வேறு. சரணத்தின் கடைசி நாலு வரி மட்டும் அச்சு அசல் ஒன்று. இரண்டாம் தடவை ஓடும்போது கூடவே அவள் வாயும் பாடியது: “சோப்பு ரெண்டு வாங்கணும், கரண்ட் பில்லு கட்டணும்...”

அவ்வளவுதான், திக்கென்றது. சட்டை தீய்ந்து புகை வந்தது.

“ஐயையோ! இது ரெண்டு பேரோடதும் இல்லடி. என்னோடது!”

மெட்டு பாதியில் நின்றால் இசையமைப்பாளர்கள், “இந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்புங்கக்கா, அப்புறம் பாத்துக்கலாம்,” என்பார்கள். அந்த ‘அப்புறம்’ வந்ததே கிடையாது. மாஸ்டருக்கு நிரப்பியதையே தம்பிக்கும் நிரப்பியிருக்கிறாள். வாய் ஒன்றுதானே! வாத்தியமும் வார்த்தையும் மாறி ரேடியோவில் வந்தபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

கணவன் பஸ் கண்டக்டர். “மெட்டு என்னோடதுன்னு போய் நின்னா, நாளைக்கு எவன் உன்னை மைக் முன்னாடி நிறுத்துவான்? பேசாம இரு,” என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், “அந்தப் பிள்ளையைத் திருடன்கிறாங்க. வாயை மூடிட்டு இருந்தா நான் யாரு?” என்று கேட்டாள்.

அவன் செருப்பைத் தேடி மாட்டினான். “சரி கெளம்பு, நானும் வரேன். இருந்த ஒரு நல்ல சட்டையையும் தீச்சுட்ட. இந்த யூனிபார்மோடதான் வரணும்.”

ஸ்டுடியோ ரெக்கார்டிஸ்ட் எதையும் தூக்கிப் போடாத மனுஷன். அழித்ததாகச் சொன்ன ட்ராக்குகள் எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தன. அவள் சொன்னதைக் கேட்டதும் அவரே மாஸ்டருக்கும் தம்பிக்கும் போன் போட்டு வரவழைத்தார். மாஸ்டர் விறைப்பாக வந்து உட்கார்ந்தார். கண்ணாடித் தம்பி கதவோரமே நின்றுவிட்டான். பாவம், முகத்தில் ஈயாடவில்லை.

ரெக்கார்டிஸ்ட் பழைய ட்ராக்கை ஓடவிட்டார். முதலில் வந்தது மாஸ்டரின் குரல்தான்: “இந்த இடம் எனக்கு வரலம்மா. நீயே எதையாவது போடு.” அடுத்து சோப்பும் கரண்ட் பில்லும். பிறகு தம்பியின் ட்ராக். அதில் வார்த்தை மட்டும் வேறு: குழாய் ஒழுகியது, ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. மெட்டு இம்மி பிசகவில்லை.

இவள் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இன்றோடு பிழைப்பு போச்சு என்றே நினைத்தாள்.

“அந்தப் பாட்டு ஓடினதே இந்த நாலு வரியாலதான்,” என்றார் மாஸ்டர். “என்னோடதுன்னே நம்பிட்டேன் பாருங்க.” எழுந்து தம்பியிடம் போனார். “ஊர் முன்னாடி உங்களைத் திருடன்னேன். ஊர் முன்னாடியே இல்லைன்னும் சொல்றேன், மெட்டு யாருதுன்னும் சொல்றேன். மன்னிச்சிடுங்க தம்பி.”

மனுஷன் என்றால் அவர் மனுஷன்! அங்கேயே போனைத் தூக்கிப் பிடித்துப் பேசி வீடியோ எடுத்து, ஊர் பார்க்கப் போட்டுவிட்டார். பிறகு இவளிடம், “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ட்ராக் இருக்கு, வந்துடும்மா,” என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, எப்படி நன்றி சொல்றதுன்னே...”

“நீ ஏம்ப்பா சொல்ற? நான்ல சொல்லணும்,” என்றாள். “பத்தொம்பது வருஷமா என் குரலை அழிச்சிட்டுத்தான் பாட்டு வெளிய போகும். அது தொழில், வருத்தமில்ல. ஆனா இந்த நாலு வரியை அழிக்க உங்க ரெண்டு பேருக்குமே மனசு வரலையே. எனக்கு இது போதும்ப்பா.”

அவள் கணவன் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். மாஸ்டர் மெதுவாக, “அந்தப் பழைய ட்ராக்கை இன்னொரு தடவை போடுய்யா,” என்றார்.

சோப்பும் கரண்ட் பில்லும் மறுபடி வந்தன. யாரும் சிரிக்கவில்லை.