விமானிக்காக நேர்ந்துவிட்ட சேவல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை யாரும் வெளியே போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் என் கணவர் விளக்கு வைத்த கையோடு உட்கார்ந்து உரக்கப் புத்தகம் படிப்பார்.

அதுவும் என்ன புத்தகம்! பிள்ளைகளுக்கான யுத்த விமானக் கதை. பதுளை பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்குவார். அட்டையில் நெருப்பைக் கக்கியபடி ஒரு விமானம் சாய்ந்து பறக்கும். உள்ளே மீசை முளைக்காத பையன் ஒருவன் ஒற்றை ஆளாக ஒரு படையையே விரட்டுவான். தோட்டத்து லொறி ஓட்டிய மனிதர் அவர். தேங்காய் வாங்கி வரச் சொன்னால் தேங்காயை மறந்துவிட்டு விமானத்தோடு வந்து நிற்பார். "சம்பலுக்கு இதையா துருவுறது?" என்று கேட்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் கோபம் ஒருநாளும் நிலைத்ததில்லை.

படித்தது என்னவோ எங்கள் மகளுக்காகத்தான். ஆனால் எஞ்சின் சத்தத்தை வாயாலேயே போட்டு, அந்த வெள்ளைக்காரப் பையனை எங்கள் தோட்டத்துப் பேச்சுப் பேசவைப்பார். "ஐயோ தொரைங்களே, எறக்கையில தீப்பிடிச்சிருச்சுங்க!" என்று அவன் வயர்லஸில் கத்துவான். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா சிரிப்பது கேட்கும். பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. கொழுந்து பறித்து ஓய்ந்து, தனியாக இருப்பவர். லயத்துக்கே அவர் பெரியம்மா.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் லொறி ஓட்டம் குறைந்தது, பிறகு நின்றேபோனது. அவர் கட்டாருக்கு வண்டி ஓட்டப் போனார். இரண்டு வருஷ ஒப்பந்தம். அப்போது பாதியில் நின்ற கதையில் விமானி எதிரி நாட்டுப் பனிமலையில் விழுந்து மாட்டிக்கொண்டிருந்தான். பெட்டி கட்டும்போது பார்க்கிறேன், நான் மடித்து வைத்த, அவர் உடுத்தும் சாரத்தை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் புத்தகத்தை வைக்கிறார்.

"போன்ல படிச்சு அனுப்புறேன். பாப்பா கேக்குமில்ல?"

"பாப்பா மட்டுந்தான் கேக்குமா?" என்றேன்.

பெட்டியை மூடினார்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் அவருக்கு முழு ஓய்வு. அன்று ஓர் அத்தியாயத்தைப் படித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார். லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. நமுனுகுல ரோடு திரும்பும் வளைவில் ஒரு கல் இருக்கிறது, அதில் ஏறினால்தான் உண்டு. மகள் போனோடு ஓடிப்போய்க் குரலை இறக்கிக்கொண்டு வருவாள். போனைச் சுவர்மேல் வைத்துவிடுவோம். லயமே அடங்கிவிடும். நாடகம் பார்ப்பவர்கள்கூட டீவியை நிறுத்துவார்கள்.

எல்லோரும் கதை கேட்டார்கள். நான் கதை கேட்கவில்லை. அவர் மூச்சு வாங்கும் இடம், எச்சில் விழுங்கும் இடம், பக்கம் திருப்பும் சத்தம், இதைத்தான் கேட்டேன். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து மறுபடியும் கேட்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பக்கத்தில் இருந்த மனிதரை இவ்வளவு காது கொடுத்துக் கேட்டதில்லை.

கதை முடியச் சில அத்தியாயங்களே இருந்தபோது, விமானி எதிரியின் விமானத்தையே திருடிக்கொண்டு கிளம்பினான். குண்டு பட்டு எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. அத்தோடு நிறுத்திவிட்டார் இவர். சுவருக்கு அப்பாலிருந்து பெரியம்மா சத்தம் போட்டு வேண்டினார்.

"ரோதமுனி அப்பா, நீதான் காப்பாத்தணும். நல்லபடியா ஊரு வந்து சேரட்டும், ஒனக்குச் சேவலு தாறேன்!"

ரோதமுனி எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் சாமி, இயந்திரங்களுக்குக் காவல். "ஃபெக்டரி மெசினப் பாத்துக்கிறவரு ப்ளேன் மெசினப் பாத்துக்க மாட்டாரா?" என்றார் பெரியம்மா. லயமே சிரித்தது. மறுநாளே காலில் மஞ்சள் துணி கட்டிய சேவல் ஒன்று எங்கள் வாசலைக் கிளறத் தொடங்கியது.

இரண்டு வருஷம் நெருங்கியது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தலையணைக்குப் புது உறை தைத்தேன். கடைசி அத்தியாயம் வந்தது. விமானி தட்டுத்தடுமாறித் தன் ஊரில் இறங்கினான், லயத்தில் கைதட்டினார்கள். போனை எடுக்க நான் கை நீட்டுவதற்குள் குரல் தொடர்ந்தது.

"இனி நீ மட்டும் கேளு புள்ள. லீவு தரமாட்டேங்கிறானுக. இன்னும் ஒரு வருசம் ஓட்டிட்டுப் போன்னு சொல்றானுக. கோவிச்சுக்காத."

எல்லா வீட்டிலும் கேட்டது. நான் அழுவது கேட்கக் கூடாது என்று யாரோ டீவியைச் சத்தமாகப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "முனி கோயிலுக்கு வா" என்றார். விமானிதான் வந்து சேர்ந்துவிட்டானே, வேண்டுதலை முடிக்கிறார் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பூசாரி, "யாரு பேருக்கு? நச்சத்திரம் என்ன?" என்று கேட்டார். விமானிக்கு ஏது நட்சத்திரம்! அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. பெரியம்மா தயங்காமல் என் கணவரின் பெயரைச் சொன்னார். நட்சத்திரத்தையும் சொன்னார். மகளிடம் எப்போதோ கேட்டு வைத்திருக்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியம்மா, சாமிகிட்ட மாத்திச் சொல்லாதீங்க. அவரு வரலியே."

"நேந்ததே அவருக்குத்தான். ஊரு பேரு தெரியாத வெள்ளக்காரப் பயலுக்கு நான் எதுக்குடி சேவலு வளக்கணும்?"

"வந்த பொறகுதானே கொடுக்கணும்?"

"வழக்கம் அதுதான். நான் முந்திக் கொடுக்கிறேன். வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தாருன்னா, அப்புறம் முனிக்கும் எனக்குந்தான் பேச்சு."

நான் பெரியம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். சேவல் எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்து கத்தியது.

சாயங்காலம் மகளை விட்டுவிட்டு நானே கல்மேல் ஏறினேன். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். போனைத் திறந்தால், எங்கிருந்தோ இன்னொரு விமானப் புத்தகத்தைப் பிடித்துவிட்டார் மனிதர். ஓய்வு நாளுக்குக்கூடக் காத்திராமல் அனுப்பிய புதுக் கதையின் முதல் அத்தியாயம் வந்து கிடந்தது. நான் அதைத் திறக்கவில்லை. பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"கதை போதுங்க," என்றேன். "நீங்க வாங்க."